பிராஸஸரின் மின்செலவை ஆளும் கருவி: மூலநிரலிலிருந்து அமைக்கும் முறை

விசைப்பலகையில் விரைவாகத் தட்டச்சு செய்யும் ஒருவர் விநாடிக்கு ஐந்து எழுத்துகளை அடிப்பதாக வைத்துக்கொண்டால், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே கழியும் நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பாகமாகும். மனிதனுக்கு அது கண்ணிமைக்கும் பொழுதே. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பிராஸஸருக்கோ அதற்குள் 60 கோடித் துடிப்புகள் கடந்துவிடுகின்றன. ஓர் எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு அவற்றுள் மிகச் சிறிய பகுதியே போதும். எஞ்சியவை யாவும் காத்திருப்பே. அக்காத்திருப்பின்போதும் பிராஸஸர் முழு வேகத்தில் இயங்குமாயின், அதற்குச் செலவாகும் மின்சாரம் உஷ்ணமாக மாறி, விசிறியால் வெளியே தள்ளப்படுவதைத் தவிர வேறொரு பயனும் விளைவதில்லை.

மின்தடை நேரும் ஊரில் பாட்டரியை நம்பி இயங்கும் பள்ளிக் கணிப்பொறிக்கும், கோடைக் காலத்தில் குளிர்சாதன வசதியற்ற அலுவலகத்தில் நாள் முழுதும் இயங்கும் யந்திரத்திற்கும் இவ்வீண் செலவு சிறிய விஷயமன்று. இதனைக் குறைக்கும் ஆற்றல் இன்றைய பிராஸஸர்களிலேயே அமைந்துள்ளது. அவ்வாற்றலைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் லினக்ஸ் இயக்கமுறையில் பயன்படும் கருவிகளுள் ஒன்று சிபியுபவர் என்பதாகும். அதனை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவும் முறையும், நிறுவியபின் அதனால் உண்மையிலேயே சிக்கனம் உண்டாகிறதா என்று அளந்தறியும் முறையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மின்செலவின் விதி

பிராஸஸர் என்பது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் தொகுதி. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் நிலை மாறும்போது மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று மின்னூட்டம் பெறுகிறது அல்லது இழக்கிறது. இச்செயலுக்கு வேண்டிய மின்திறன் மூன்று அளவுகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்தேக்குதிறன் ஒன்று, மின்னழுத்தத்தின் இருமடி மற்றொன்று, துடிப்பின் அதிர்வெண் மூன்றாவது. மின்னழுத்தம் இருமடியாக வருவதே இங்குக் கூர்ந்து கவனிக்கத் தக்கது. அதிர்வெண்ணை மட்டும் பாதியாகக் குறைத்தால் மின்திறன் பாதியாகும். ஆனால் வேலை முடிவதற்கு இருமடங்கு நேரம் ஆகும். ஆகவே அவ்வேலைக்குச் செலவான மொத்தச் சக்தியில் மாற்றம் இராது. அதிர்வெண் குறைவதால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடிகிறது என்பதிலேதான் மெய்யான சிக்கனம் அடங்கியுள்ளது.

இன்டெல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மடிக்கணிப்பொறிகளுக்காக வெளியிட்ட பென்டியம் 3 பிராஸஸர் இதற்குத் தக்க உதாரணம். ஸ்பீடுஸ்டெப் என்னும் ஏற்பாட்டின்படி, அது மின்சார இணைப்பில் உள்ளபோது 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் 1.6 வோல்ட் அழுத்தத்திலும் இயங்கியது. பாட்டரியில் இயங்குகையில் 500 மெகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் இறங்கியது. மேற்கூறிய விதியைக் கொண்டு கணக்கிட்டால், வேகம் 23 சதவீதமே குறைய, நிலைமாற்றத்திற்குச் செலவாகும் மின்திறன் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவதைக் காணலாம்.

இத்தகைய ஏற்பாட்டின் தேவை ஆண்டுதோறும் மிகுந்தே வந்துள்ளது. டிரான்சிஸ்டர்கள் சிறியனவாகுந்தோறும் அவற்றின் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர அங்குலத்தில் செலவாகும் மின்திறன் கூடாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் எடுத்துக் காட்டினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொழில் அவ்வழியே நடந்தது. பின்னர் மின்னழுத்தத்தை மேலும் குறைத்தால், மூடிய நிலையிலும் டிரான்சிஸ்டர் வழியே மின்னோட்டம் கசியும் அளவு பெருகுவதால், 2005-ஆம் ஆண்டை ஒட்டி அவ்வழி அடைபட்டது. அதிர்வெண்ணின் ஏற்றம் தளர்ந்தது. ஒரே சில்லில் பல பிராஸஸர் உள்ளகங்களை அமைக்கும் வழக்கம் பெருகியது. அதனுடன், வேலையில்லாத உள்ளகத்தின் துடிப்பை நிறுத்தியும் மின்சாரத்தையே துண்டித்தும் வைக்கும் துயில்நிலைகளும் முக்கியத்துவம் பெற்றன. கசிவினால் ஏற்படும் இழப்பை வேகக் குறைப்பு மட்டும் தடுப்பதில்லை; துயில்நிலையே தடுக்கும்.

கவர்னரின் பணி

நீராவி யந்திரத்தின் வேகம் வரம்பு மீறாதபடி காக்க ஜேம்ஸ் வாட் 1788-ல் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட கவர்னர் என்னும் உறுப்பைப் பொருத்தினார். அப்பெயரே லினக்ஸிலும் வழங்குகிறது. இயக்கமுறையின் உட்கருவாகிய கெர்னலில் அமைந்து, எத்தருணத்தில் எவ்வளவு வேகம் வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரற்பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். அத்தீர்மானத்தைப் பிராஸஸருக்கு எடுத்துச் சென்று நிறைவேற்றுவது டிரைவர் என்னும் மற்றொரு பகுதி.

கவர்னர்கள் பல வகைப்படும். பெர்பார்மன்ஸ் என்பது உச்ச வேகத்திலேயே நிறுத்துவது. பவர்சேவ் என்பது வரம்பின் அடித்தளத்தில் நிறுத்துவது. ஆன்டிமாண்ட் என்பது வேலைப்பளு கூடியதும் விரைவாக ஏற்றி, குறைந்ததும் இறக்குவது. கன்சர்வேட்டிவ் என்பது அதையே படிப்படியாகச் செய்வது. 2016-ல் சேர்க்கப்பட்ட ஷெட்யூடில் என்பது, எவ்வேலை எப்போது நடைபெற வேண்டும் என்று வகுக்கும் கெர்னல் பகுதியின் கணக்கையே கேட்டறிந்து வேகத்தை நிர்ணயிப்பது.

சிபியுபவர் என்பது கவர்னரும் அன்று, டிரைவரும் அன்று. நீராவி யந்திரத்தின் அருகே நின்று அளவுமானியைப் பார்த்து, திருகை வேண்டியவாறு திருப்பி வைக்கும் ஊழியனுக்கு அதனை ஒப்பிடலாம். கெர்னல் இடம் தராத எதையும் அதனால் செய்ய இயலாது. இவ்வுண்மையை முதலிலேயே உணர்ந்துகொண்டால் பின்னர் ஏமாற்றம் நேராது.

மூலநிரலிலிருந்து கட்டுவதேன்?

பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் இக்கருவி கட்டி முடிக்கப்பட்ட பொதியாகவே கிடைக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையாக அமைந்த டெபியன் தொகுப்பிலும் அத்தகைய பொதி உண்டு. பொதி கிடைக்குமிடத்தில் அதனை உபயோகிப்பதே எளிது. ஆயினும் மூன்று சந்தர்ப்பங்களில் மூலநிரலை நாட வேண்டியுள்ளது. புதிய பிராஸஸருக்காகப் புதிய கெர்னலைத் தாமே நிறுவியவர்க்கு அதற்கிணையான பொதி கிடைக்காதிருக்கலாம். கருவியின் சில பகுதிகளை விலக்கியோ மாற்றியோ அமைக்க விரும்புவோர்க்கும் பொதி உதவாது. யந்திரத்தின் முழு அதிகாரத்தோடு இயங்கும் ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதைப் படித்தறிய விரும்பும் மாணவருக்கோ மூலநிரலே பாடநூல்.

சிபியுபவரின் மூலநிரல் தனியே வெளியிடப்படுவதில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் அது லினக்ஸ் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே, கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட டூல்ஸ் அடைவில், பவர் என்னும் உட்பிரிவின்கீழ் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே கருவி மட்டும் வேண்டுவோரும் கெர்னலின் மூலநிரல் முழுவதையும் பெறுதல் வேண்டும். ஆனால் கெர்னலைக் கட்ட வேண்டுவதில்லை.

முன்னேற்பாடுகள்

கட்டளைகள் யாவும் ரோமன் எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படுபவை. அவற்றின் ஒலிப்பு மட்டுமே இங்குத் தமிழில் தரப்படுகிறது.

முதற்கண், யந்திரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண்ணை யூநேம் என்னும் கட்டளையால் அறிந்துகொள்ள வேண்டும். அதே பதிப்பின் மூலநிரலைப் பெறுவது நலம். மிகப் பழைய கருவி புதிய பிராஸஸரின் துயில்நிலைகளை இனங்காணத் தவறக்கூடும்.

இரண்டாவதாக, பெற்ற மூலநிரல் இடைவழியில் எவராலும் மாற்றப்படாதது என்பதை உறுதி செய்தல் வேண்டும். கெர்னலை வெளியிடுவோர் ஒவ்வொரு பதிப்புடனும் மின்கையொப்பம் ஒன்றையும் வைக்கின்றனர். அக்கையொப்பம் சுருக்கப்பட்ட கோப்பின்மீது இடப்பட்டதன்று; சுருக்கம் நீக்கிய டார் கோப்பின்மீது இடப்பட்டது. இதனை அறியாதோர் சுருக்கத்தை நீக்காமலே சரிபார்த்து, கையொப்பம் பொய்யென்று மயங்குவதுண்டு. சுருக்கத்தை நீக்கிய பின்னரே சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக, கட்டுவதற்கு வேண்டிய துணைக் கருவிகளைச் சேகரிக்க வேண்டும். சி மொழி கம்பைலர், மேக் என்னும் கட்டமைப்புக் கருவி, பி.சி.ஐ. நூலகத்தின் தலைப்புக் கோப்புகள், கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புத் துணைக்கருவி ஆகியவை தேவை. பி.சி.ஐ. நூலகம் நிறுவப்பட்டிருந்தும் அதன் தலைப்புக் கோப்புகள் இல்லாதிருத்தல் மிகச் சாதாரணமாக நேரும் குறை. நிரல்களை இயக்குவதற்கு நூலகம் போதும். கட்டுவதற்குத் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். டெபியனிலும் அதன் வழிவந்த தொகுப்புகளிலும் இவை வெவ்வேறு பொதிகளாக வழங்கப்படுகின்றன.

கட்டுதலும் நிறுவுதலும்

மூலநிரலை விரித்து, சிபியுபவர் அடைவிற்குள் சென்று மேக் என்று கட்டளையிட்டால் கட்டும் பணி தொடங்கும். இப்பணியைச் சாதாரணப் பயனாளராகவே செய்தல் வேண்டும். தலைமை அதிகாரம் இதற்குத் தேவையில்லை. தேவையற்ற இடத்தில் அதிகாரத்தைப் பிரயோகிக்காதிருத்தல் நிர்வாகத்தின் முதற்பாடம். பணி நடுவில் நின்றுவிட்டால், திரையில் கடைசியாகத் தோன்றிய வரியைக் காட்டிலும், பிழை என்று முதன்முதலாகத் தோன்றிய வரியையே படிக்க வேண்டும்; பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. பி.சி.ஐ. தலைப்புக் கோப்பு காணப்படவில்லை என்று அவ்வரி கூறுமாயின் முற்கூறிய பொதியை நிறுவினால் போதும். கெட்டெக்ஸ்ட் கிடைக்காத இடத்தில், பிறமொழிச் செய்திகளை விலக்கிக் கட்டுமாறு மேக் கட்டளையுடன் குறிப்பிடலாம்; கருவியின் ஆற்றல் அதனால் குறைவதில்லை.

கட்டி முடித்த கருவியை உடனே அமைப்பு அடைவுகளில் நிறுவிவிடாமல், டெஸ்ட்டிர் என்னும் மாறியின் துணையால் தற்காலிக அடைவொன்றில் நிறுவிப் பார்ப்பது விவேகமாகும். எந்தெந்தக் கோப்புகள் எங்கெங்கே சென்று அமரும் என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும். ஏற்கெனவே பொதியாக நிறுவப்பட்ட சிபியுபவர் யந்திரத்தில் இருக்குமாயின், புதியது அதன்மேல் எழுதப்பட்டு இரண்டும் கலந்துவிடும். ஆகவே பழைய பொதியை முன்னரே நீக்க வேண்டும். திருப்தி ஏற்பட்டபின், தலைமை அதிகாரத்துடன் மேக் இன்ஸ்டால் என்னும் கட்டளையை இடலாம். மூலநிரல் அடைவை அழித்துவிடாமல் பாதுகாப்பது நன்று. பின்னொரு நாளில் கருவியை நீக்க வேண்டின், மேக் அன்இன்ஸ்டால் என்னும் கட்டளை அவ்வடைவிலிருந்தே இடப்படுவது.

நிறுவியபின் கருவியை அழைத்தால், லிப்சிபியுபவர் என்னும் பகிர்வு நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்ற செய்தி தோன்றக்கூடும். கட்டியதில் பிழை நேர்ந்ததென்று பலர் இங்கே மனம் சோர்வர். உண்மையில் நூலகம் தன் இடத்தில்தான் உள்ளது. இயக்கநேரத்தில் நூலகங்களைத் தேடித் தரும் ஏற்றிக்கு அதன் முகவரி இன்னும் தெரியவில்லை. எல்டிகான்பிக் என்னும் கட்டளை அம்முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும். நூலகம் அமர்ந்த அடைவே பட்டியலில் இல்லாவிடின், அடைவின் பெயரை அதன் அமைப்புக் கோப்பில் சேர்த்தபின் கட்டளையை மீண்டும் இட வேண்டும்.

முதற் சோதனை

பிரீக்வென்ஸி இன்போ என்னும் துணைக்கட்டளை, இயங்கும் டிரைவரின் பெயரையும், வேகத்தின் மேல் கீழ் எல்லைகளையும், கிடைக்கக்கூடிய கவர்னர்களையும் தெரிவிக்கிறது. ஐடில் இன்போ துயில்நிலைகளை வரிசைப்படுத்துகிறது. மானிட்டர் ஒவ்வொரு உள்ளகமும் எவ்வளவு நேரம் விழித்திருந்தது, எவ்வளவு நேரம் துயின்றது என்பதைக் காட்டுகிறது. எதையும் மாற்றுமுன் இவற்றின் விடைகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் எதுவும் இயங்கவில்லை என்ற விடை வருமாயின் பொதுவாகக் காரணம் இரண்டிலொன்று. யந்திரத்தின் அடிப்படை அமைப்பில் அவ்வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். அல்லது அது மெய்யான யந்திரமன்றி, மற்றொரு யந்திரத்திற்குள் இயங்கும் மெய்ந்நிகர் யந்திரமாக இருக்கலாம். இரண்டாவதாயின், வேகத்தை ஆளும் உரிமை வெளி யந்திரத்திற்கே உரியது.

மற்றொரு மயக்கமும் உண்டு. 2013 முதல் லினக்ஸில் உள்ள இன்டெல் பிஸ்டேட் என்னும் டிரைவர் தன் முழு உரிமையுடன் இயங்கும்போது பெர்பார்மன்ஸ், பவர்சேவ் என்னும் இரு பெயர்களை மட்டுமே தருகிறது. இங்குப் பவர்சேவ் என்பது அடித்தள வேகத்தில் பூட்டி வைப்பதன்று. வேலைக்கேற்ப ஏற்றி இறக்குவதே. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. பழைய டிரைவரைப் பற்றி எழுதப்பட்ட அறிவுரையைப் புதிய டிரைவருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதால் விளையும் குழப்பங்கள் பல.

பிரீக்வென்ஸி செட் என்னும் துணைக்கட்டளையால் கவர்னரையும் வேக எல்லைகளையும் மாற்றலாம். இம்மாற்றம் யந்திரம் நிறுத்தப்படும்வரையில்தான் நிலைத்திருக்கும். நிலையாக வேண்டுமாயின், துவக்கத்தின்போது இயங்கும் சேவையாக அதனை அமைக்க வேண்டும். ஒரு வாரமேனும் சோதித்துப் பார்த்த பின்னரே அவ்வாறு செய்தல் தகும்.

மெதுவே சிக்கனமா?

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. அது எப்போதும் உண்மையன்று. விளக்கத்திற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேலையை முழு வேகத்தில் முடிக்கப் பிராஸஸருக்கு 100 விநாடிகளும் 20 வாட்டும் தேவை. பாதி வேகத்தில், மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால், 200 விநாடிகளும் 5.6 வாட்டும் தேவை. வேலை நடைபெறும்வரை யந்திரத்தின் மற்ற உறுப்புகள் 8 வாட் செலவிடுகின்றன. வேலை முடிந்து யாவும் துயிலுற்றால் மொத்தச் செலவே 2 வாட்தான்.

முழு வேகத்தில் முதல் 100 விநாடிகளுக்கு 2,800 ஜூலும், துயிலும் 100 விநாடிகளுக்கு 200 ஜூலும் ஆக 3,000 ஜூல் செலவாகிறது. பாதி வேகத்திலோ 200 விநாடிகளுக்கு 2,720 ஜூல்தான். ஆகவே மெதுவே சிக்கனம். ஆனால் மற்ற உறுப்புகளின் செலவு 8 வாட்டுக்குப் பதிலாக 12 வாட்டாக இருக்குமாயின் விடை தலைகீழாகிறது. முழு வேகத்தில் 3,400 ஜூலும், பாதி வேகத்தில் 3,520 ஜூலும் செலவாகின்றன. விரைந்து முடித்துத் துயில்வதே அங்குச் சிக்கனம். எந்த யந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஊகத்தால் அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும்.

இன்டெல் பிராஸஸர்களில் 2011 முதல் செலவான சக்தியைக் கணக்கிடும் எண்ணி ஒன்று உள்ளமைந்துள்ளது. லினக்ஸில் அது பவர்கேப் என்னும் பிரிவின்கீழ் மைக்ரோஜூல் அளவில் காணக் கிடைக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணியைப் படித்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் இடையிற் செலவான சக்தி தெரியும். உச்ச எண்ணை எட்டியதும் எண்ணி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குமாதலால், விடை எதிர்மறையாக வந்தால் அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வெண்ணி பிராஸஸரின் செலவை மட்டுமே காட்டும். திரை முதலியவற்றையும் சேர்த்தறிய, சுவரிலுள்ள மின்குதையில் பொருத்தும் வாட்மானியோ, மடிக்கணிப்பொறியின் பாட்டரி தீரும் நேரமோ துணைபுரியும். ஒரே வேலையைக் குறைந்தது மூன்று முறை செய்து பார்த்தாலன்றி முடிவு கூறலாகாது.

பாதுகாப்பைப் பற்றிய எச்சரிக்கை

மின்திறனை ஆளும் அதிகாரம் சாதாரணப் பயனாளருக்கு மறுக்கப்பட்டிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மின்னழுத்தத்தை வரம்புக்குக் கீழே தள்ளி, பிராஸஸரின் கணக்கீட்டில் பிழைகளை உண்டாக்கி, காப்பறையில் வைத்த இரகசியங்களை வெளிக்கொணரும் பிளண்டர்வோல்ட் என்னும் தாக்குதலை ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளிப்படுத்தினர். மேற்கூறிய சக்தி எண்ணியைப் படிப்பதன் மூலமே மறைகுறியீட்டுச் சாவிகளை ஊகிக்க இயலும் என்று 2020-ல் பிளாட்டிபஸ் என்னும் ஆராய்ச்சி காட்டியது. அதன் பின்னரே லினக்ஸில் அவ்வெண்ணியைத் தலைமை அதிகாரம் உடையோர் மட்டும் படிக்குமாறு விதி செய்யப்பட்டது. அளவிடும் வசதிக்காக அவ்விதியைத் தளர்த்தி வைத்து, பின்னர் மறந்துவிடுதல் கூடாது. பலர் பங்கிட்டுக்கொள்ளும் யந்திரத்தில் இது மிகவும் இன்றியமையாதது.

மூலநிரலிலிருந்து கட்டிய கருவிக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. பொதியாகப் பெற்றது தொகுப்பின் புதுப்பித்தலுடன் தானே புதுப்பிக்கப்படும். தாமே கட்டியதைத் தாமே புதுப்பிக்க வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் கருவியையும் மீண்டும் கட்டிச் சோதித்தல் கடமையாகும்.

இவ்வளவும் செய்தபின், தொகுப்பின் இயல்பான ஏற்பாடே தம் யந்திரத்திற்கு ஏற்றது என்று ஒருவர் காணக்கூடும். அதனால் உழைப்பு வீணாயிற்று என்று கருத வேண்டுவதில்லை. முன்பு நம்பிக்கையாக இருந்தது இப்போது அளந்தறிந்த உண்மையாகிறது. பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த வேலைக்கு எந்த அமைப்பு உகந்தது என்பவற்றைத் தம் கையால் எழுதிய அட்டவணையிலிருந்து கூற இயன்றவரே அக்கருவியை மெய்யாக நிறுவியவராவார்.